வெள்ளாடு தன்னோடு தானா?

‘இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே’ என்பது நாம் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. பல்கலைக்கழக உணவகத்தில் மலாய் மாணவர் ஒரு மேசையிலும், சீன மாணவர் மற்றொரு மேசையிலும், தமிழ் மாணவர் வேறொரு மூலையிலும் அமர்ந்து உண்பதைக் காணும்போதெல்லாம் நம்மில் பலர் இப்பழமொழியை முணுமுணுத்துவிட்டு நடையைக் கட்டிவிடுகிறோம். ஆட்டுக்குப் பொருந்திய நீதி மாந்தருக்கும் பொருந்தும் என்று நமக்குச் சொன்னவர் யார்? மந்தை வாழ்க்கையினின்று மாந்தனைப் பிரித்தெடுப்பதற்காகவே அன்றோ கல்வி தோன்றிற்று? பட்டம் பெறச் சென்ற பிள்ளை பட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தால், ‘அது இயற்கை’ என்று கைகழுவ ஆசிரியர்களாகிய நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

நான் சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். தமிழ்ப்பள்ளியைக் குறை கூறுவோர்க்கும் கசக்கும், தமிழ்ப்பள்ளியைக் காப்போர்க்கும் கசக்கும். நான் இரண்டாம் அணியைச் சேர்ந்தவன். ஆகவே எனக்கே முதலில் கசந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதினொரு பெயர்கள்

தீபாவளி விடுமுறை ஒன்றில் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டிற்கு வந்திருந்தான். ஜொகூர் மாநிலத்துத் தோட்டப்புறத்துப் பிள்ளை. பொறியியல் மூன்றாமாண்டு மாணவன். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளை பொறியியலாளனாக வரப்போகிறான் என்ற பெருமிதத்தோடு பேச்சுக் கொடுத்தேன். நண்பர்களைப் பற்றிக் கேட்டேன். உற்சாகமாகப் பதினொரு பெயர்களைச் சொன்னான். பதினொன்றும் தமிழ்ப் பெயர்கள். அவர்களுள் ஒன்பது பேர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், எழுவர் ஜொகூர்க்காரர்கள்.

“அறைத்தோழன் யார்?” என்றேன்.

“மலாய்க்காரப் பையன், ஐயா. நல்லவன்தான்.”

“எந்த ஊர்?”

“பகாங் பக்கம் என்று நினைக்கிறேன், ஐயா.”

“அவன் தகப்பனார் என்ன தொழில் செய்கிறார்?”

அவன் தலை கவிழ்ந்தான். இரு கல்விப் பருவங்கள் ஒரே கூரையின்கீழ் உறங்கி எழுந்திருக்கிறார்கள். இரண்டு கட்டில்களுக்கும் இடையே நான்கடி தூரம் இருக்கலாம். அந்த நான்கடியை இருவரில் ஒருவரும் கடக்கவில்லை. அந்த மலாய்ப் பிள்ளையும் தன் ஊரில் தன் ஆசிரியரிடம், ‘ஓர் இந்தியப் பையன், நல்லவன்தான்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருப்பான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

‘இதனால் என்ன குடி முழுகிப் போயிற்று?’ என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்கு என் மறுமொழி இது. இன்று விடுதியில் நம் பிள்ளைக்கு அடுத்த கட்டிலில் படுத்திருப்பவர்தாம் நாளைய அரசாங்க அலுவலர். தமிழ்ப்பள்ளிக்குக் கட்டட நிதி ஒதுக்கும் கோப்பும், தோட்டத்துக் கோவில் நிலத்தைப் பற்றிய கோப்பும், வேலைக்கு மனுச்செய்த நம் பிள்ளையின் கோப்பும் அவர் மேசைக்குத்தான் போகும். தமிழரில் ஒருவரையேனும் நெருங்கி அறியாத கை அக்கோப்புகளில் கையெழுத்திடும். அவ்வாறே நாளைக்கு மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் வரும் நம் பிள்ளையும் பிற இனத்தாரின் வாழ்வை அறியாமலே அவர்களுக்குத் தொண்டாற்றப் புறப்படுவான். நாட்டில் இருபது வயதில் கிடைக்கும் இந்த வாய்ப்பு நாற்பது வயதில் எவருக்கும் கிடைப்பதில்லை.

தேர்வு பெருகினால் வட்டம் சுருங்கும்

ஒத்தாரை ஒத்தார் நாடும் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. பால் லாசர்ஸ்ஃபெல்ட், ராபர்ட் மெர்ட்டன் என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் இருவர் 1954-லேயே இதற்கு ஒரு தனிப்பெயர் சூட்டி ஆராய்ந்தனர். ஆனால் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஆய்வு 2012-ல் வெளிவந்தது. ஏஞ்சலா பான்ஸ், கேட் பிக்கெட், கிறிஸ்டியன் கிராண்டல் ஆகிய மூவரும் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள மாபெரும் பல்கலைக்கழகத்தையும் அதே மாநிலத்துச் சிறு கல்லூரிகளையும் ஒப்பிட்டனர். சேர்ந்திருக்கும் நண்பர்களை இருவர் இருவராக அணுகி, அவர்தம் கருத்துகளும் பழக்கவழக்கங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அளந்தனர்.

பல்வகை மாந்தர் நிறைந்த பெரிய வளாகத்தில்தான் பல்வகை நட்பு மலரும் என்று நாம் எதிர்பார்ப்போம். முடிவு நேர்மாறாக இருந்தது! பெரிய வளாகத்து நண்பர்களே ஒருவரையொருவர் மிகுதியாக ஒத்திருந்தனர். காரணம் எளிது. ஆயிரக்கணக்கானோர் நடுவே ஒருவன் தன்னை அச்சில் வார்த்தாற்போன்ற இன்னொருவனைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். சிறு கல்லூரியிலோ இருப்பவரோடுதான் பழகியாக வேண்டும்.

‘பழகப் பழகத்தானே நண்பர்கள் ஒத்துப்போகிறார்கள்?’ என்று கேட்கலாம். பான்ஸும் கிராண்டலும் வேறிருவரோடு சேர்ந்து 2017-ல் வெளியிட்ட ஆய்வு அதற்கும் விடை சொல்கிறது. நெடுநாள் நண்பர்கள் புதிய நண்பர்களைவிட அதிகமாக ஒத்திருக்கவில்லை. ஒப்புமை பழக்கத்தால் விளைந்ததன்று; தொடக்கத்திலேயே ஒத்தவராகப் பார்த்துத் தேர்ந்துகொள்வதால் விளைந்தது.

இதைப் படித்தபோது எனக்கு என் இளமை நினைவுக்கு வந்தது. நான் படித்த இடைநிலைப்பள்ளி சிறு பட்டணத்துப் பள்ளி. தோட்டத்து லயத்திலிருந்து நாங்கள் வந்தோம். கம்பத்திலிருந்து மலாய்ப் பிள்ளைகள் வந்தார்கள். புதுக்கிராமத்திலிருந்து சீனப் பிள்ளைகள் வந்தார்கள். பந்தாட்டத்திற்குப் பதினொருவர் வேண்டும். தமிழர் மட்டும் என்றால் ஆள் போதாது. எந்த ஓரினத்தாருக்கும் ஆள் போதாது. ஆகவே சேர்ந்து ஆடினோம். நாங்கள் பெருந்தன்மை மிக்கவர்களாய் இருந்ததால் அன்று. வேறு வழியில்லாததால் நண்பர்களானோம். இன்றைய மாணவனுக்கு வேறு வழிகள் பல. பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கும் முன்னரே அவன் தன்னினத்தார் நடத்தும் புலனக் குழுவில் சேர்ந்துவிடுகிறான். பதிவு நாளன்று வளாகத்து வாயிலில் அவனுக்கு நண்பர்கள் தயாராய் நிற்கிறார்கள். புதியவர் ஒருவரை நாடவேண்டிய தேவையே அவனுக்கு எழுவதில்லை.

தமிழ்ப்பள்ளியா குற்றவாளி?

‘தாய்மொழிப் பள்ளிகள்தாம் பிள்ளைகளைப் பிரிக்கின்றன, அவற்றை மூடிவிட்டால் ஒற்றுமை பொங்கி வழியும்’ என்று இந்நாட்டில் சிலர் இடைவிடாது சொல்லி வருகின்றனர். அவ்வாறு எண்ணியோர் நீதிமன்றப் படியும் ஏறினர். 2021 டிசம்பரில் உயர்நீதிமன்றமும் 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தாய்மொழிப் பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை அல்ல என்று தீர்ப்பளித்தன. 2024 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்துவிட்டது. சட்டம் தன் விடையைச் சொல்லிவிட்டது. எஞ்சியிருப்பது அறிவுக்குரிய வினா.

கான்சாஸ் மாணவர்களைப் பிரித்துவைத்தது எந்தத் தமிழ்ப்பள்ளி? எந்தச் சீனப்பள்ளி? பெரும்பாலும் ஒரே மொழி பேசி வளர்ந்தவர்கள் அங்கும் தம்மை ஒத்தவரைத் தேடித்தானே ஒதுங்கினார்கள்? ஒரே பள்ளிமொழி நட்பைப் படைத்துவிடும் என்பது வெறுங்கனவு.

உண்மையாகவே ஒற்றுமை வேண்டுவோர் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் வாயில்களைப் பார்க்கட்டும். எஸ்.டி.பி.எம். தேர்வு ஒரு வாயில். மெட்ரிகுலேஷன் கல்லூரி மற்றொரு வாயில். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கும் 10 விழுக்காடு ஏனையோர்க்கும் என்ற பங்கீட்டை 2019-ல் அமைச்சரவை மீண்டும் உறுதிப்படுத்தியது. 2024-ல் எஸ்.பி.எம். தேர்வில் 10 ‘ஏ’ பெற்ற எல்லார்க்கும் இன வேறுபாடின்றி இடமுண்டு என்று அரசு அறிவித்தது வரவேற்கத்தக்கது. ஆயினும், பதினெட்டு வயதில் பிள்ளைகளைப் பெரும்பாலும் வெவ்வேறு வாயில்களில் நிறுத்தி வைத்துவிட்டு, ஏழு வயதில் அவர்கள் கற்ற மொழியின்மேல் பழி சுமத்துவது எவ்வகை நியாயம்?

பழங்காலப் பெருமையும் அதன் குறையும்

‘அந்தக் காலத்தில் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள்’ என்று பெருமூச்சு விடுவாரும் உளர். மலாயாப் பல்கலைக்கழகம் 1949-ல் சிங்கப்பூரில் தோன்றியது. 1953-ல் அங்கு மாணவர்கள் சோசலிசக் கழகம் ஒன்றை நிறுவினர். வாங் குங்வூ அதன் முதல் தலைவர். கழகத்தின் ‘ஃபஜார்’ என்னும் ஏட்டில் வெளிவந்த தலையங்கத்திற்காக 1954 மே மாதத்தில் எட்டு மாணவர்கள் கைதாயினர். ஜேம்ஸ் புதுச்சேரி, எம்.கே. இராஜகுமார், அருட்சோதி, போ சூ கை, எட்வின் தம்பு ஆகியோர் அவர்களுள் அடங்குவர். இந்தியரும் சீனரும் ஒரே குற்றவாளிக் கூண்டில் தோளோடு தோள் நின்று, ஆகஸ்டு மாதத்தில் ஒன்றாகவே விடுதலை பெற்றனர். ஒரு பொதுக் குறிக்கோள் மாணவரை எவ்வாறு பிணைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். அந்த எண்மரில் மலாய்க்காரர் ஒருவரும் இல்லை. எண்மரும் ஆங்கிலம் கற்றவர்கள். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கும் கம்பத்து மலாய்ப் பிள்ளைக்கும் அன்றைய பல்கலைக்கழகம் எட்டாக்கனி. ஆகவே அங்கும் ஒத்தாரே ஒத்தாரோடு கூடினர்; கோடு மட்டும் நிறத்தின்மேல் இல்லாமல் மொழியின்மேலும் வகுப்பின்மேலும் போடப்பட்டிருந்தது. பழங்காலத்தைப் பாராட்டுவோம், அதனிடம் பாடமும் கற்போம். ஆனால் அதற்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

பின்னர் 1971-ல் பல்கலைக்கழகங்கள் சட்டம் வந்தது. 1975-ல் அது மேலும் இறுக்கப்பட்டது. மாணவர் பொதுவாழ்வு ஒடுங்கிற்று. பொதுக் குறிக்கோளுக்காகக் கூடும் மன்றங்கள் மெலிந்தபோது, இனத்துக்கும் சமயத்துக்கும் உரிய மன்றங்களே மாணவர்க்கு நிழலாயின என்பது என் கருத்து. பின்னாளில் சட்டம் தளர்த்தப்பட்டது, பழக்கம் தளரவில்லை.

நம் வீட்டு வேலிகள்

இதுவரை பிறரைக் கேட்டேன். இனி நம்மைக் கேட்கிறேன்.

வளாகத்தில் தமிழ் மாணவர் சிறுபான்மையினர். முதன்முறையாக வீட்டை விட்டு வந்த பிள்ளை, தமிழ்க்குரல் ஒன்று கேட்காதா என்று ஏங்குவதில் தவறில்லை. தமிழ்க் கழகங்களும் பேரவைகளும் அந்த ஏக்கத்தைத் தீர்க்கின்றன. கதைப் போட்டியும் கவியரங்கும் நடத்தி மொழியை வளர்க்கின்றன. அவற்றை நான் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் தமிழ்க் கழகம் வீடாக இருக்க வேண்டும். வேலியாக மாறிவிடக் கூடாது. வீட்டிற்கு வாசல் உண்டு. வீட்டார் வெளியே போய் வருவர். விருந்தினரும் உள்ளே வருவர்.

அந்த வேலிக்குள்ளும் எத்தனை வேலிகள்! தேசியப் பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளை தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினால் எள்ளி நகைக்கிறோம். அடுத்த வாரம் அவன் கழகத்தின் பக்கம் தலைகாட்டுவதில்லை. தமிழ் முஸ்லிம் மாணவனுக்கும் கிறித்தவ மாணவிக்கும் அழைப்பு அனுப்ப மறந்துவிட்டு, ‘அவர்கள் வருவதில்லை’ என்று குறைப்படுகிறோம். சாதியின் பெயரை வாய்விட்டுச் சொல்லத் துணியாதவர்கள் ‘நம்ம ஆள்’ என்ற சொல்லில் அதைப் பொதிந்து வைக்கிறார்கள். தமிழுக்காகக் கூடியவர்களே இப்படிப் பிரிவார்களானால், பிற இனத்தாரை நோக்கி இவர்கள் கைநீட்டுவது எப்போது?

மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் 1960-களில் தலைவராய் அமர்ந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். யாழ்ப்பாணத் தமிழர், கத்தோலிக்கத் துறவி. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கு முன்னின்று உழைத்தவர் அவரே. ‘நம்ம ஆள்’ என்ற அளவுகோலால் அன்று அளந்திருந்தால் அம்மாநாடு கூடியிருக்குமா?

சான்றோர் காட்டிய நட்பு

தமிழாசிரியர்களே, நாம் வகுப்பில் கற்பிக்கும் நட்பு எத்தகையது? பாரி பறம்பு மலையின் வேளிர் தலைவன். கபிலர் அந்தணப் புலவர். அதியமான் அரசன், ஒளவையோ பாடிப் பரிசில் பெற்றுவந்த புலவர். கோப்பெருஞ்சோழன் உறையூரில் இருந்தான். பிசிராந்தையார் பாண்டி நாட்டவர். இருவரும் முன்பின் கண்டதில்லை. ஆயினும் சோழன் வடக்கிருந்தபோது நண்பருக்கு இடம் ஒதுக்கச் சொன்னான்; அவரும் வந்து சேர்ந்தார். இவர்களுள் யார் யாரோடு குலத்தால், தொழிலால், ஊரால் ஒத்திருந்தனர்?

‘உணர்ச்சி ஒத்திருந்ததே, வள்ளுவரும் அதைத்தானே வலியுறுத்தினார்?’ என்று மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. உணர்ச்சி ஒத்திருப்பது வேறு. உடையும் ஊரும் ஒத்திருப்பது வேறு. பின்னது முதல் நாளிலேயே கண்ணுக்குத் தெரியும். முன்னது தேடினாலன்றித் தெரியாது. நாம் முதல் நாளிலேயே தேடலை முடித்துக்கொள்கிறோம். நட்பாராய்தல் என்று தனி அதிகாரமே கற்ற நாம், ஆராயாமல் நட்புக் கொள்வது போலவே ஆராயாமல் ஒதுக்கியும் விடுகிறோம்.

செய்யத் தக்கவை

1990-களின் தொடக்கத்தில் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். வகுப்பில் நாங்கள் அனைவரும் தமிழ்ப் பிரிவு. விடுதியிலோ அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியல் என்னைக் கிளந்தான் மீனவர் ஒருவரின் மகனோடு ஓர் அறையில் போட்டது. முதல் மாதம் இருவரும் அதிகம் பேசவில்லை. நோன்பு மாதத்தில் அவன் விடியற்காலை உணவுக்கு எழ வேண்டும். அவனுக்கோ கும்பகருணன் தூக்கம். எழுப்பிவிடும் வேலை எனக்கு வாய்த்தது. அவ்வளவுதான் தொடக்கம். சில ஆண்டுகள் கழித்து என் தந்தையார் மறைந்தபோது, கோத்தா பாருவிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்து எங்கள் தோட்டத்து லயத்தின் முன் நின்றான் அவன். நான் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. பட்டியல் எங்களைச் சேர்த்தது.

ஆகவே முதலாவதாக, பல்கலைக்கழகங்கள் முதலாண்டு மாணவரின் அறைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கட்டும். விருப்பம் கேட்பது இரண்டாம் ஆண்டில் இருக்கட்டும். அண்மை நட்பை வளர்க்கும் என்பதைப் ஃபெஸ்டிங்கரும் அவர்தம் தோழர்களும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து மாணவர் குடியிருப்பை ஆராய்ந்து 1950-லேயே காட்டிவிட்டனர். ஆனால் என் மாணவன் கதை காட்டுவதுபோல, அண்மை மட்டும் போதாது. எழுப்பிவிடும் வேலை போல, இருவருக்கும் ஒரு தொடக்கம் வேண்டும்.

இரண்டாவதாக, ‘ஒற்றுமை நாள்’ என்ற பெயரில் நாம் நடத்தும் ஒருநாள் கூத்துக்கு முடிவு கட்டுவோம். மூவினப் பிள்ளைகளும் மூவகை உடையணிந்து, படமெடுத்துக்கொண்டு, பலகாரம் தின்றுவிட்டுப் பிரிவதால் விளைவது என்ன? இனங்களுக்கிடையே பகை தணிய என்ன வேண்டும் என்பதைக் கோர்டன் ஆல்போர்ட் 1954-ல் வகுத்துரைத்தார்: சமநிலை, பொதுக் குறிக்கோள், கூட்டு உழைப்பு, மேலிடத்தின் ஆதரவு. நம் பள்ளியும் பக்கத்து மலாய்ப் பள்ளியும் சீனப் பள்ளியும் சேர்ந்து ஓர் ஆண்டு முழுதும் ஒரு காய்கறித் தோட்டம் போடட்டும். கலப்பு அணியாகப் பந்தாடட்டும். வேலை பொதுவானால் பேச்சு தானே வரும்.

மூன்றாவதாக, தமிழ்க் கழகங்கள் தம் நிகழ்ச்சிகளுள் சிலவற்றையேனும் பிறர்க்கும் திறந்துவிடட்டும். மலாய்ச் சிறுகதையையும் தமிழ்ச் சிறுகதையையும் ஒரே மேடையில் வைத்துப் பேசட்டும். தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுபவனை முதல் வரிசையில் அமர்த்தட்டும்.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான். உங்கள் பதினொரு நண்பர்களைக் கைவிடச் சொல்லவில்லை. பன்னிரண்டாவது ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். அவர் உங்களைப்போல் இல்லாதவராக இருக்கட்டும். முதலில் அவர் ஊரைக் கேளுங்கள்.

என் மாணவன் அவ்வாறு கேட்டான். விடுமுறை முடிந்து திரும்பிய சில நாட்களில் எனக்குத் தொலைபேசினான். “ஐயா, அவன் ஊர் தெமர்லோவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பம். அவன் தகப்பனாருக்குச் சின்னத் தோட்டம் ஒன்று இருக்கிறது, பால்மரம் வெட்டுகிறார். எங்கள் தாத்தாவும் பால்மரம் வெட்டியவர் என்று சொன்னேன். அவன் நம்பவேயில்லை, ஐயா. அன்றைக்கு இரவு இரண்டு மணிவரை பேசிக்கொண்டிருந்தோம்.”

நான்கடி தூரத்தைக் கடக்க அவனுக்கு ஒரே ஒரு கேள்விதான் தேவைப்பட்டது. அக்கேள்வியைப் பன்னிரண்டு வயதிலேயே கேட்க நாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.